பழைய ஜப்பான் பீங்கான் எந்த ஊரு, யாரு செஞ்சது? முதல்முறை பாக்கறவங்களுக்கு

கையில ஒரு பழைய தட்டு இருக்கு, ஜப்பான்னு சொல்லிக் குடுத்தாங்க, எந்த ஊருன்னு தெரியணும்னா எல்லாரும் உடனே அடியில இருக்கிற முத்திரைய போட்டோ எடுத்துத் தேட ஆரம்பிச்சிடறாங்க. நான் அத கடைசியா பண்ணச் சொல்வேன், ஏன்னா முத்திரைய யாரு வேணும்னாலும் எழுதிக்கலாம், மண்ணும் சூளையும் பதிச்ச அடையாளத்த அவ்வளவு லேசா மாத்த முடியாது.

ஸ்டெப் 1: மண்ணு
இருட்டுல செல்போன் டார்ச்ச தட்டுக்குப் பின்னாடி புடிங்க. மெல்லிசா இருக்கிற இடத்துல வெளிச்சம் ஊடுருவுனா போர்சலைன், அப்போ முதல்ல நினைக்க வேண்டிய ஊரு க்யூஷூ தீவுல இருக்கிற அரிதா. 1600களோட தொடக்கத்துல கொரியாவுல இருந்து வந்த குயவர்கள் கையாலதான் அங்க போர்சலைன் ஆரம்பிச்சுது, சரக்கெல்லாம் பக்கத்துல இமாரி துறைமுகத்துல கப்பல் ஏறினதால இமாரின்னே பேரு நின்னுடுச்சு. வெளிச்சம் போகல, தந்த நிறத்துல பொடிப்பொடியா வலை மாதிரி கீறல் இருக்குன்னா க்யூஷூவோட தெக்குப் பக்கத்து சத்சுமா வகை. பளபளப்புப் பூச்சே இல்லாம செங்காவி நிறத்துல கரடுமுரடா இருந்தா ஒகயாமா பக்கத்து பிசென்னா இருக்கலாம்.

ஸ்டெப் 2: அடி வளையத்துக்கு உள்பக்கம்
பெரிய தட்டுன்னா இத விட்டுடாதீங்க. அடியில சின்னச் சின்ன புள்ளித் தழும்பு, மூணோ அஞ்சோ இருக்கும், விரல் நுனியில தடவினாலே தட்டுப்படும். சூளைச் சூட்டுல தட்டோட நடுப்பகுதி தொங்கிடக் கூடாதுன்னு களிமண் முட்டு குடுத்து சுடுவாங்க, அத உடைச்செடுத்த தழும்புதான் இது. அரிதா தட்டுகள்ல இது ரொம்ப சகஜம், சீனத் தட்டுகள்ல பொதுவா இருக்காது.

ஸ்டெப் 3: நீலம்
பழைய நீலம் கொஞ்சம் சாம்பல் கலந்து அமைதியா இருக்கும். 1870ல கோட்ஃபிரீட் வாக்னர்னு ஒரு ஜெர்மன்காரர் அரிதாவுக்குப் போய் கோபால்ட்ங்கிற ஐரோப்பிய நீலச் சாயத்த பயன்படுத்தச் சொல்லிக் குடுத்தாரு, அதுக்கப்புறம் வந்ததுல பளிச்சுனு ஊதா சாயல்ல கண்ணக் குத்துற நீலம் நிறைய. ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வந்து, ஓரம் சேர்ற இடத்துல சரியாப் பொருந்தலைன்னா கையால வரையல, ஸ்டென்சில் வச்சு அடிச்சது, பெரும்பாலும் மெய்ஜி காலம் (1868–1912), இல்லைன்னா அதுக்கப்புறம்.

ஸ்டெப் 4: இங்கிலீஷ் எழுத்து
'நிப்பான்'னு (ஜப்பானோட ஜப்பானியப் பேரு) இருந்தா சுமாரா 1891 முதல் 1921 வரை. இறக்குமதிப் பொருள்ல நாட்டுப் பேரு இருக்கணும்னு அமெரிக்கா 1890ல சட்டம் போட்டுது, 1921ல நிப்பான் போதாது ஜப்பான்னே போடணும்னு சொல்லிட்டாங்க. 'ஆக்குபைட் ஜப்பான்'னு (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) இருந்தா ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம், 1952க்குள்ள. ஆனா இங்கிலீஷே இல்லைன்னா 1891க்கு முந்தினதுன்னு முடிவு கட்டிடாதீங்க, ஜப்பான்காரங்க வீட்டுக்குன்னு செஞ்சதுல இங்கிலீஷ் எதுக்கு?

ஸ்டெப் 5: இப்போ முத்திரை
மேல இருந்து கீழ, வலமிருந்து இடம் படிக்கணும். பெட்டிக்குள்ள குறுக்குக் கோடு போட்ட எழுத்து, அதுக்கடுத்து அடிமரத்துல சின்னக் கோடு போட்ட மரம் மாதிரி எழுத்து, ரெண்டும் சேர்ந்தா நிஹோன் இல்லைன்னா நிப்பான், அதாவது ஜப்பான். இதுக்கு முன்னாடி கை கால விரிச்சு நிக்கிற ஆள் மாதிரி ஒண்ணு இருந்தா டாய் நிப்பான், அதாவது பெரிய ஜப்பான், பெரும்பாலும் மெய்ஜி காலம். மலையும் கீழ ஓடற ஆறும் வரைஞ்சிருந்தா அரிதாவுல இருக்கிற ஃபுகாகாவா கம்பெனி. மாலைக்கு நடுவுல 'எம்' எழுத்துன்னா மோரிமுரா, அதாவது நொரிதாகே கம்பெனி, ஆனா இதுல போலி ஏகப்பட்டது இருக்கு, அதனால மத்த ஸ்டெப்போட ஒத்துப்போகுதான்னு பாருங்க.

ரெண்டு இடத்துல நிறைய பேரு ஏமாறுறாங்க. சீன மிங் பேரரசர் செங்ஹுவா பேர அரிதாவுல சும்மாவே எழுதினாங்க, அதப் பாத்துட்டு சீனத்து பொருள்னு வித்துடறாங்க. அதே மாதிரி வட்டத்துக்குள்ள சிலுவை, அது சத்சுமாவ ஆண்ட ஷிமாஸு குடும்பத்துச் சின்னம், ஆனா கியோட்டோவுலயும் ஒசாகாவுலயும் செஞ்ச ஏற்றுமதிச் சரக்குலயும் அத போட்டாங்க.

பாக்கறதுக்கு முன்னாடி தங்கப்பூச்சு இருக்கிற இடத்துல ஸ்க்ரப்பர் மட்டும் போட்றாதீங்க, உரிஞ்சு வந்துடும், ஈரப் பஞ்சு போதும். அப்புறம் முன்பக்கம், அடி, பக்கவாட்டுன்னு மூணு போட்டோ எடுத்து அரிதாவுல இருக்கிற க்யூஷூ செராமிக் மியூசியத்தோட ஷிபாதா தொகுப்போட ஒப்பிடுங்க, அங்க 10,000க்கு மேல பழைய அரிதா பொருள் இருக்கு. முத்திரைய மறைச்சுட்டு வடிவத்தையும் அடியையும் மட்டும் முதல்ல பொருத்திப் பாருங்க.