நோயாளர் தரவு திருடுபோனால் மருத்துவமனைக்கு எவ்வளவு இழப்பு? கணக்கிடும் முறை

நோயாளர் தரவு திருடுபோவதால் வரும் இழப்பு என்றதும், பல மருத்துவமனை நிர்வாகங்களின் நினைவுக்கு வருவது கணினிகளையும் முடக்கிவிட்டு ஹேக்கர்கள் கேட்கும் பிணைத்தொகையும் அரசு விதிக்கும் அபராதமும்தான். 2024 பிப்ரவரியில் மருத்துவமனைகளின் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் அமெரிக்க நிறுவனமான சேஞ்ச் ஹெல்த்கேர் தாக்கப்பட்டபோது கொடுக்கப்பட்ட பிணைத்தொகை 2.2 கோடி டாலர். அதன் தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த்துக்கு அந்த ஆண்டில் ஏற்பட்ட மொத்தச் சுமையோ ஏறத்தாழ 310 கோடி டாலர். எனவே பிணைத்தொகையிலிருந்து கணக்கைத் தொடங்கக் கூடாது.

முதலில் கணினி முடங்கும் நாட்களை எழுதிக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடக்கப்பட்டபோது, புறநோயாளர் பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரை பல நாட்கள் காகிதத்திலேயே நடந்தன. உங்கள் ஒரு நாள் வருமானத்தைப் புறநோயாளர் பிரிவு, உள்நோயாளர் பிரிவு, ஆய்வகம், மருந்தகம் எனப் பிரித்து, கணினி இல்லாமல் எவ்வளவு வேலை நடக்கும் என்பதை அந்தந்தப் பிரிவின் பொறுப்பாளரிடமே கேட்டு, நடக்காமல் போகும் பங்கை நாட்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். காப்பீட்டுக் கோரிக்கைகளைத் தனியே வையுங்கள். அந்தப் பணம் தாமதமாகவேனும் வந்துவிடும்; ஆனால் மாதச் சம்பளம் அதற்காகக் காத்திருக்காது. சேஞ்ச் ஹெல்த்கேர் முடங்கியபோது அமெரிக்காவில் சிறிய மருத்துவமனைகள் பல திணறியது இந்த இடைவெளியில்தான்.

அடுத்தது சீரமைப்புச் செலவு. 2017இல், கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் தாக்கிய இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, பிணைத்தொகை எதுவும் கொடுக்கவில்லை. ஆயினும் இழப்பு 9.2 கோடி பவுண்டு என அரசு மதிப்பிட்டது. அதில் நின்றுபோன சிகிச்சைப் பணிகளின் மதிப்பு சுமார் 1.9 கோடி மட்டுமே. மற்றது பெரும்பாலும் கணினி அமைப்புகளை மீட்கும் செலவு.

சட்டச் செலவில் ஒரு எச்சரிக்கை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாததற்கான அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அது உச்சவரம்பு, அதையே பட்டியலில் எழுதினால் மற்ற எண்களுக்குப் பொருள் இருக்காது. வழக்கறிஞர், தடயவியல் ஆய்வு, நோயாளர்களுக்குத் தகவல் அனுப்புதல் ஆகியவற்றுக்கு விலைப்புள்ளி வாங்கி எழுதுவதே பயன்தரும்.

கடைசியாக, காப்புப் பிரதியிலிருந்து ஒரு சர்வரையேனும் விடுமுறை நாளில் உண்மையாகவே மீட்டுப் பார்த்து, அதற்கு ஆன நேரத்தைக் குறித்து, முதலில் ஊகமாக எழுதிய நாட்களின் எண்ணிக்கையைத் திருத்துங்கள்.