பீட்பேக் பார்மில் புது ஆசிரியர்கள் சறுக்கும் இடங்கள்

செமஸ்டர் முடியும்போதெல்லாம் எங்கள் கடலூர் ஸ்டாஃப் ரூமில் ஒரே காட்சிதான். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் யாராவது மாணவர் பீட்பேக்கைக் கையில் வைத்துக்கொண்டு முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருப்பார். எங்கள் செட் அடித்த கூத்தையே இவர்களும் அடிக்கிறார்கள். நேரத்துக்கு வகுப்புக்குப் போங்கள், போர்டில் தெளிவாக எழுதுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

எழுதியது யார் என்று தேடுவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. நன்றாகவே பாடம் நடத்தும் ஓர் இளம் ஆசிரியர். "சார் நோட்ஸைப் பார்த்தே படிக்கிறார், சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறார்" என்று யாரோ எழுதிவிட்டார்கள். இவர் அசைன்மென்ட் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, 'ழு'வின் சுழிப்பை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். மறுநாள் வகுப்பில், "யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். அடுத்த செமஸ்டரில் எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து, கருத்துக் கட்டத்தில் "குட்". அவருக்கு மட்டுமல்ல, அந்த வகுப்புக்குப் போன எங்கள் எல்லாருக்கும். படிப்பு முடியும்வரை அந்த பேட்ச் வாயே திறக்கவில்லை.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. இன்டர்னல் 25 மதிப்பெண் நம் கையில் இருக்கிறது. குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து பஸ் ஏறி வரும், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி மிதித்த பிள்ளை அதைப் பணயம் வைக்குமா? ரோல் நம்பர் வரிசையில் பார்மை அடுக்கி வாங்குவதும் இதே வேலைதான், கொஞ்சம் நாசூக்காக. கல்லூரிகளைத் தரம் பார்த்துச் சான்று தரும் 'நாக்' 2017-இல் கொண்டுவந்த மாணவர் கருத்துக்கணிப்பு மாணவரின் மின்னஞ்சலுக்கே நேராகப் போவது இதனால்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. "எல்லாத்துக்கும் நல்லதா போடுங்கப்பா" என்று முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிட்டு வருகிறவர்கள் அதிலும் உண்டு.

சராசரியைப் பிடித்துத் தொங்குவது

அறுபது பேரும் 4 போட்டால் சராசரி 4. முப்பது பேர் 5, முப்பது பேர் 3 போட்டாலும் அதே 4. இரண்டும் ஒரே வகுப்பா? எத்தனை பேர் எதைப் போட்டார்கள் என்று பாருங்கள். 4.1 வாங்கியவர் 4.3 வாங்கியவரைப் பார்த்துப் புழுங்குவது வீண். 2017-இல் கனடாவின் பாப் உட்டல் குழு பழைய ஆய்வுகளைத் திரட்டி மறுபடி கணக்குப் போட்டபோது, ஆசிரியர் வாங்கிய மதிப்பீட்டுக்கும் மாணவர் கற்றதற்கும் தொடர்பு தெரியவில்லை.

புடவை, குரல் பற்றிய கருத்துகள்

தள்ளிவிட்டு அடுத்த தாளுக்குப் போங்கள்.

பார்ம் கொடுக்கும் நாளில் சாக்லேட்

வேண்டாம். கொடுத்தால் மதிப்பெண் ஏறுகிறது என்று 2007-லேயே ஆய்வு வந்துவிட்டது.

கடைசி வாரத்தில் மட்டும் கேட்பது

அப்போது சொல்லி அந்த வகுப்புக்கு என்ன பயன்? முதல் இன்டர்னல் முடிந்ததும், பெயரில்லாத துண்டுத்தாளில் கேளுங்கள்: எது புரியவில்லை, எதை மாற்றலாம். ஒரு வகுப்பில் "முதல் ஹவர் ஒண்ணுமே புரியல" என்று கொத்தாக வந்தது. விசாரித்தால், பண்ருட்டி பஸ் திருப்பாதிரிப்புலியூர் வந்து சேர்வதே மணி அடித்த பிறகுதான். அந்த ஆசிரியர் புதுப் பாடத்தைப் பத்து நிமிடம் தள்ளித் தொடங்கினார். அதுவரை முந்தின நாள் கணக்கு. அப்புறம், எதை மாற்றப்போகிறீர்கள், எது முடியாது என்பதை அடுத்த வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். சிலபஸைக் குறைக்கச் சொல்லி ஒரு தாள் கட்டாயம் இருக்கும். அது பல்கலைக்கழகத்தின் வேலை என்று நேராகவே சொல்லலாம்.