பழைய வீடியோ கேசட்டிலிருந்து சிறுவயதுத் தொடர்களை மீட்பது எப்படி?

சிறுவயதில் விரும்பிப் பார்த்த தொலைக்காட்சித் தொடர்கள் வி.எச்.எஸ். கேசட்டில் பதிவாகி வீட்டில் கிடந்தால், அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். நாடாவின் காந்தப் பதிவு காலப்போக்கில் மங்கும், நன்றாக ஓடும் வி.சி.ஆர். (கேசட்டை ஓட்டும் கருவி) கிடைப்பதும் அரிதாகிவருகிறது. முதலில் கேசட்டின் ஜன்னல் வழியே நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடிபோலப் பூஞ்சை படர்ந்திருந்தால் அதை ஓட்டவே கூடாது; அது வி.சி.ஆரில் நாடாவைப் படிக்கும் பகுதியான ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவிவிடும். நல்ல கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் நாடாவின் இறுக்கம் சீராகும்.

வி.சி.ஆரின் மஞ்சள் முனையிலிருந்து படத்தையும், வெள்ளை, சிவப்பு முனைகளிலிருந்து ஒலியையும் யு.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாகக் கணினியில் பதிவு செய்யலாம். 2 மணி நேர நிகழ்ச்சிக்கு 2 மணி நேரமே ஆகும். இதில் குறுக்குவழி கிடையாது. படத்தைப் பழைய டிவித் திரையின் 4:3 (அகலம்:உயரம்) விகிதத்திலேயே வையுங்கள், அகலத் திரைக்கு இழுத்தால் நாயகர்கள் எல்லோரும் பருத்துவிடுவார்கள். இடையில் வரும் விளம்பரங்களை வெட்டாமல் விடுவதே நல்லது என்பேன்: தொடர் வேறெங்காவது மறுபடி கிடைக்கலாம், ஆனால் அன்றைய அறிவிப்பாளரின் குரலும் சோப்பு விளம்பரமும் உங்கள் கேசட்டில் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும். கோப்பை இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, மூலக் கேசட்டையும் ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.