ஸ்னோமொபைல் சொன்னபடி திரும்பவில்லையா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

வளைவில் ஹேண்டில்பாரைத் திருப்பியும் வண்டி நேராகவே போகிறது, இல்லாவிட்டால் அரை மணி நேரம் ஓட்டியதுமே தோள்பட்டை விண்விண் என்று வலிக்கிறது, இல்லாவிட்டால் நேர்பாதையில்கூட முன்பக்கம் இடமும் வலமுமாக அலைபாய்கிறது. ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடும் வண்டி, ஓட்டுகிறவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் வந்துவிடும். இவற்றைச் சரிசெய்யப் புது ஷாக் (அதிர்வைத் தாங்கும் பாகம்) வாங்க வேண்டியதில்லை. வண்டியோடு வந்த ஸ்பானர்கள், ஒரு அளவு நாடா, பொறுமை, இவ்வளவு இருந்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் எங்கே முதலில் கை வைப்பது என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள், அந்த ஒரு தவறிலிருந்து மற்ற தவறுகள் வரிசையாக வருகின்றன.

அந்த முதல் தவறு, முன்பக்க ஷாக் ஸ்பிரிங்கை இறுக்குவது. ஸ்கீ, அதாவது முன்னால் உள்ள சறுக்குப் பலகை, பனியைக் கவ்வவில்லை, எனவே அதற்கு அழுத்தம் கூட்ட வேண்டும் என்று நினைத்து நாலு சுற்று இறுக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பலனும் தெரியும், சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. முன்பக்கம் உயரும், ஹேண்டில்பார் கனக்கும், ஸ்கீ கீழே இறங்குவதற்கு ஷாக்கில் மிச்சமிருக்க வேண்டிய நீளம் குறைந்துபோகும். விளைவாக, வளைவில் உள்பக்க ஸ்கீ சீக்கிரமே தரையை விட்டு எழும்பும். திரும்பாத வண்டியை சரிசெய்யப்போய், கவிழப் பார்க்கிற வண்டியாக ஆக்கிவிட்டோம்.

உண்மையில் ஸ்னோமொபைலின் நடத்தையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒரே விஷயம்: எடை எவ்வளவு ஸ்கீ மேல் நிற்கிறது, எவ்வளவு ட்ராக் மேல், அதாவது பின்னால் சுழன்று வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை மேல், நிற்கிறது. இதை முடிவு செய்வதில் ட்ராக்குக்குள் இருக்கும் பின் சஸ்பென்ஷனுக்குத்தான் பெரிய பங்கு. அதற்குள் வண்டியோடு இணைக்கும் இரண்டு கைகள், முன்கை ஒன்று, பின்கை ஒன்று, ஆளுக்கு ஒரு ஷாக், அப்புறம் முன்கை எவ்வளவு கீழே தொங்கலாம் என்று பிடித்துவைக்கும் லிமிட்டர் பட்டை. பின் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் நீங்கள் உட்கார்ந்ததுமே வண்டி பின்னால் அமுங்கும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் எடை இன்னும் பின்னுக்குப் போகும், ஸ்கீ இரண்டும் பனியைத் தடவிக்கொண்டு மட்டும் போகும். அந்த நிலையில் முன்பக்கத்தை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

எனவே முதலில் பின் ஸ்பிரிங். இங்கே நடக்கும் தவறு, அளக்காமல் கைக்கணக்கில் வைப்பது. அளப்பது சுலபம். ஒருவர் பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுவதும் நீண்டு, ட்ராக் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் பிடிக்க வேண்டும். தரையிலிருந்து பம்பர் வரை உள்ள உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டும்போது உட்காரும் இடத்தில் உட்காருங்கள், ரெண்டு தடவை எழும்பி அமர்ந்தால் உராய்வு விலகி சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வரும், இப்போது மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்ல தொடக்கம். மொத்த அசைவு 360 மி.மீ. என்றால் 90 முதல் 120 மி.மீ. வரை அமுங்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்: வீட்டு உடையில் உட்கார்ந்து அளக்கக்கூடாது. ஹெல்மெட், பூட்ஸ், கனமான ஜாக்கெட், முதுகுப்பை என்று ஓட்டும்போது சுமப்பது அத்தனையும் உடம்பில் இருக்க வேண்டும், அவை எல்லாம் சேர்ந்தால் சில கிலோ தாராளமாக வரும்.

பின் ஸ்பிரிங்கைத் திருகும் கேம் (படிப்படியாக எண் போட்ட திருகு கட்டை) இடது வலது இரண்டிலும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். இடது 2, வலது 3 என்று வைத்துவிட்டு வண்டி ஒரு பக்கம் சாய்கிறதே என்று தேடுவது வீண் அலைச்சல். அதே நேரம், கூடுதலாக இறுக்கினால் இன்னும் நல்லது என்றும் எண்ண வேண்டாம். பின்பக்கம் உயர்ந்து நின்றால் எடை ஸ்கீ மேல் குவியும், வண்டி தொட்டதற்கெல்லாம் துள்ளும், வளைவில் பின்பக்கம் வழுக்கும்.

பின்பக்கம் சரியான பிறகும் வளைவில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஸ்கீ லேசாகிறது என்றால் லிமிட்டர் பட்டையைப் பாருங்கள். அதைக் குட்டையாக்கினால் ஸ்கீ கீழேயே நிற்கும், நீளமாக்கினால் எடை ட்ராக்குக்குப் போய் முன்பக்கம் எழும்பும். ஒரு தடவைக்கு ஒரு துளைதான் மாற்ற வேண்டும், இரண்டு பட்டை இருந்தால் இரண்டிலும் ஒரே அளவு. ஆழமான புதுப்பனியில் நீளமான பட்டை நல்லது, முன்பக்கம் பனிக்குள் புதையாமல் மிதக்கும். அழுத்திச் சமன்செய்த பாதையில் குட்டையானது நல்லது. பட்டையை மாற்றியதும் ட்ராக்கின் இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

முன்கையின் ஷாக் ஸ்பிரிங், அதாவது வண்டியின் நடுவில் இருப்பது, உள்ளுணர்வுக்கு எதிராக வேலை செய்யும். அதை இறுக்கினால் வண்டியின் நடுப்பகுதியைத் தாங்கிப் பிடித்து ஸ்கீயின் பாரத்தைக் குறைக்கும். ஹேண்டில்பார் கனக்கிறது என்று புலம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம், வண்டி திரும்பவில்லை என்கிறவர்கள் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம். ரொம்பத் தளர்த்தினால் மேடுபள்ளங்களில் அடிவரை போய் இடிக்கும். இதையெல்லாம் முடித்த பிறகும் குறை இருந்தால்தான் முன்பக்க ஸ்பிரிங், அதுவும் ஒரு சுற்று அல்லது அரைச் சுற்று.

சரி, அலைபாய்வதற்கு வருவோம். இதற்கு சஸ்பென்ஷனைக் குற்றம் சொல்வது வழக்கம், ஆனால் காரணம் பெரும்பாலும் ஸ்கீயின் அடியில் இருக்கும். நிறைய வண்டிகள் போன பாதையில் அவற்றின் கார்பைடு (ஸ்கீயின் அடியில் பொருத்தும் கடினமான உலோக விளிம்பு) கீறிய தடங்கள் கோடு கோடாக இருக்கும், உங்கள் கார்பைடு அந்தத் தடத்துக்குள் இறங்கி அதன் போக்கில் போகும். ஸ்கீக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு வரிசைக் கார்பைடு பொருத்தினால் இது வெகுவாகக் குறையும். தேய்ந்த கார்பைடு வேறு மாதிரி கெடுக்கும்: அது தடத்தைப் பிடிக்காது, எதையுமே பிடிக்காது. பாதிவரை தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், அந்தக் கார்பைடை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுவது நேரத்துக்குக் கேடு. அப்படியே ஸ்கீயைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை ஸ்கீயோடு இணைக்கும் கம்பியான டை ராடின் முனையிலோ, ஸ்கீயைப் பிடிக்கும் போல்ட்டிலோ, அதன் கீழுள்ள ரப்பரிலோ லூசு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். லூசான பாகத்தின் மேல் செய்யும் அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் நிற்காது.

அடுத்தது ஸ்கீயின் நேர்கோடு. ஸ்கீ இரண்டும் முன்னால் லேசாக விரிந்திருக்க வேண்டும். மொத்தமாக 3 முதல் 6 மி.மீ. என்பது பொதுவான அளவு. உள்நோக்கிக் குவிந்திருந்தால் வண்டி நிலைகொள்ளாது. இதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, பிளாஸ்டிக் ஸ்கீயின் ஓரத்தை வைத்து அளப்பது. அது வளையும், நெளியும், எனவே கார்பைடிலிருந்து அளக்க வேண்டும். இன்னொன்று, இரண்டு ஸ்கீக்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டும் அளப்பது. இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம் திரும்பியிருந்தால் அந்த அளவு சரியாகவே காட்டும்! ஹேண்டில்பாரை நேராக நிறுத்தி, ட்ராக்கின் பக்கவாட்டில் நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை ஸ்கீ வரை நீட்டி வைத்து, ஒவ்வொரு ஸ்கீயையும் தனித்தனியாகச் சட்டத்தோடு ஒப்பிடுங்கள். முடித்ததும் டை ராடின் லாக் நட்டை இறுக்க மறக்க வேண்டாம், அது கழன்றால் ஸ்டியரிங் கையில் இருக்காது.

ட்ராக் லூசாக இருந்தால் ஆபத்து என்று இழுத்துக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரொம்ப லூசானால் பிரேக் பிடிக்கும்போது ட்ராக்கின் பற்கள் சக்கரத்தைத் தாண்டிக் கடகடக்கும் என்பது உண்மைதான், ஆனால் ரொம்ப இறுக்கினால் எஞ்சினின் சக்தி உராய்விலேயே போகும், ட்ராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டையான ஸ்லைடர் சீக்கிரம் தேயும், சஸ்பென்ஷனும் தடையில்லாமல் அசையாது. கையேடு ஒரு எடையைத் தொங்கவிட்டு இடைவெளியை அளக்கச் சொல்லும். அந்த எடை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒன்று 4.5 கிலோ என்னும், இன்னொன்று 7.3 கிலோ என்னும், எனவே அடுத்தவர் வண்டியின் மி.மீ. கணக்கு உங்களுக்கு உதவாது. ட்ராக் எப்போதும் லூசான பக்கம் நோக்கி ஓடும், அந்தப் பக்கத்து போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கினால் நடுவுக்கு வரும். ஓடவிட்டுப் பார்ப்பதாக இருந்தால் உறுதியான ஸ்டாண்டில் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, மெதுவாக மட்டும் ஓடவிடுங்கள். வண்டிக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவே கூடாது. ட்ராக்கிலிருந்து தெறிக்கும் கல்லோ ஆணியோ ஆளைக் கொல்லும்.

ட்ராக்குக்கு ஆணி அடித்துவிட்டு ஸ்கீயை அப்படியே விடுவதும் அடிக்கடி நடக்கிறது. பின்பக்கப் பிடி கூடினால் அது முன்பக்கத்தை நேராகத் தள்ளிக்கொண்டே போகும், எனவே ஆணியோடு நீளமான கார்பைடும் வேண்டும்.

காற்று ஷாக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 20 டிகிரி உள்ள கதகதப்பான கராஜில் 60 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டு மைனஸ் 20 டிகிரி குளிரில் இறங்கினால், காற்று சுருங்கி அது ஏறக்குறைய 50-க்கு வந்துவிடும். வண்டியை வெளியே நிறுத்தி, ஷாக் நன்றாகக் குளிர்ந்த பிறகு, ஸ்கீயைத் தரையிலிருந்து தூக்கி வைத்து அளவு பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், மாற்றும் முன் பழைய நிலையை எழுதி வைத்துக்கொண்டு, அதே பாதையில், அதே வளைவில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. காலையில் கெட்டியாக இருக்கும் பனி மதியம் இளகிவிடும் என்பதால் காலை ஓட்டத்தை மதிய ஓட்டத்தோடு ஒப்பிடவும் கூடாது. பழைய வண்டியை வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் முதலில் கம்பெனி சொன்ன நிலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆரம்பியுங்கள், முன்பு வைத்திருந்தவரின் எடையும் ஓட்டும் விதமும் உங்களுடையதாக இருக்காது.

பின்னால் ஆளோ சுமையோ ஏற்றும்போது பின் ஸ்பிரிங்கைக் கூட்டாமல் போவது இன்னொரு வழக்கம். பின்பக்கம் அமுங்கி, ஸ்கீ லேசாகி, இறக்கத்தில் உள்ள வளைவில் வண்டி வெளியே போகப் பார்க்கும். சுமைக்கு ஏற்பக் கேமை ஒரு படி கூட்டுங்கள், சுமையை இறக்கியதும் பழைய எண்ணுக்கே திருப்பி வையுங்கள். விட்டுவிட்டால் மறுநாள் தனியாகப் போகும்போது பின்பக்கம் தூக்கிக்கொண்டு, ஸ்கீ இரண்டும் பாரத்தில் அழுந்தி, ஹேண்டில்பார் மறுபடி கனக்கும்.