பாதைப் பணியால் சிறப்பு ரயில் மாறினால் பயணத்தை எப்படி மாற்றி அமைப்பது?

அப்பாவுக்கு எண்பது வயது நிறைந்ததை ஒட்டி மதுரையில் சதாபிஷேகம் வைத்திருந்தோம். தாம்பரத்திலிருந்து ஒன்பது பேர், விழுப்புரத்தில் ஏறிக்கொள்ளச் சித்தப்பாவும் சித்தியும். வழக்கமான இரவு ரயில்கள் எல்லாம் நிரம்பிவிட்டதால் ஒரு சிறப்பு ரயிலில் ஸ்லீப்பர் எடுத்தோம். பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, திண்டுக்கல் - மதுரை இடையே பாதைப் பணி நடப்பதாகவும் சில ரயில்கள் வேறு வழியில் போகும் என்றும் செய்தி வந்தது. முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க முடியாது. பதினொரு பேரையும் மதுரையில் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். எப்படிச் சேர்த்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். டிக்கெட் எடுக்கத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுவதால் அந்த அடிப்படைகளுக்குள் போகவில்லை.

படி 1: அறிவிப்பில் என்ன சொல் இருக்கிறது?

"ரயில் சேவையில் மாற்றம்" என்ற தலைப்புச் செய்தியை மட்டும் படித்தால் ஒன்றும் புரியாது. உங்கள் ரயில் எண்ணுக்கு நேராக என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சிறப்பு ரயிலின் எண் 0-வில் தொடங்கும். தெற்கு ரயில்வேயின் சிறப்பு ரயில் என்றால் பெரும்பாலும் 06.

முழு ரத்து என்றால் குழப்பமே இல்லை, அன்றைக்கு ரயில் கிடையாது. பகுதி ரத்து என்றால் ரயில் பாதி வழியில் நின்றுவிடும், அல்லது பாதி வழியிலிருந்து புறப்படும். 2025-இல் எழும்பூர் நிலைய மறுசீரமைப்புப் பணிக்காகச் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றது இந்த வகை. நேர மாற்றம் என்றால் புறப்படும் நேரம் மட்டும் தள்ளிப் போகும்.

நாலாவது வகை, மாற்றுப் பாதை. "மாற்றுப் பாதையில் இயக்கப்படும்" என்று படித்ததும், "சரி, ரயில் ஓடுகிறது, கொஞ்சம் தாமதமாகும்" என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். திருச்சியிலிருந்து தெற்கே போகும் ரயில்களைத் திண்டுக்கல் வழி விட முடியாதபோது புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, அருப்புக்கோட்டை வழியாக விருதுநகருக்குத் திருப்பிவிடுவார்கள். ரயில் ஓடும், நாகர்கோவில் போகிறவர் நாகர்கோவில் போய்ச் சேருவார். ஆனால் அந்த வழியில் திண்டுக்கல்லும் இல்லை, கொடைக்கானல் ரோடும் இல்லை, மதுரையும் இல்லை. ஆகவே மாற்றுப் பாதை என்று பார்த்தவுடன் "எந்த வழியாக, எந்தெந்த நிலையங்களைத் தவிர்த்து" என்ற வரியைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் புதிய வழியில் இருந்தால் கவலை இல்லை. இரண்டில் ஒன்று விடுபட்டாலும் மேலே படியுங்கள்.

படி 2: எந்தத் தேதி? (இங்கேதான் நாங்கள் தடுமாறினோம்)

அறிவிப்பில் "14-ஆம் தேதி புறப்படும் ரயில்" என்று இருந்தது. சித்தப்பா தன் டிக்கெட்டைப் பார்த்தார். அதில் விழுப்புரத்தில் ஏறும் தேதி 15. "நம்ம ரயிலுக்கு ஒண்ணும் இல்லைப்பா, அது முந்தின நாள் ரயில்" என்று போனில் நிம்மதியாகச் சொல்லிவிட்டார். நானும் நம்பிவிட்டேன். அன்று இரவு படுத்த பிறகுதான் பொறி தட்டியது: தாம்பரத்தில் 14-ஆம் தேதி இரவு நாங்கள் ஏறும் அதே ரயில்தான் நள்ளிரவு தாண்டி விழுப்புரம் வருகிறது!

ரயில்வே அறிவிப்புகளில் சொல்லப்படும் தேதி, ரயில் தன் தொடக்க நிலையத்திலிருந்து கிளம்பும் தேதி. நீங்கள் ஏறும் தேதி அல்ல. இரவு ரயிலில் இடைப்பட்ட ஊரில் ஏறுகிறவர்களுக்கு இரண்டும் ஒரு நாள் வேறுபடலாம். வட மாநிலங்களிலிருந்து வரும் நீண்ட தூர ரயில் என்றால் இரண்டு நாள்கூட வேறுபடும். மின்டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் 'ஸ்டார்ட் டேட்' என்று தனியாக ஒரு தேதி போட்டிருக்கும். அறிவிப்போடு ஒப்பிட வேண்டியது அதைத்தான். எங்கள் பதினொரு டிக்கெட்டிலும் அது 14-தான்.

படி 3: எங்கே பார்ப்பது?

என் முதல் தேர்வு என்டிஇஎஸ். அது ரயில்வேயின் சொந்தத் தகவல் அமைப்பு. செயலியாகவும் இருக்கிறது, இணையதளமாகவும் இருக்கிறது. ரத்து, பகுதி ரத்து, மாற்றுப் பாதை, நேர மாற்றம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கத் தனியார் செயலிகள் வசதிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நாலு நாள் கழித்து ஓட வேண்டிய ரயிலைப் பற்றி முடிவெடுக்க அவற்றை நம்ப மாட்டேன். இணையம் பழக்கமில்லாத பெரியவர்கள் 139-ஐ அழைத்துக் கேட்கலாம்.

பிஎன்ஆர் நிலையை மட்டும் பார்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அது உங்கள் படுக்கை உறுதியா இல்லையா என்பதைச் சொல்லும். எங்களுக்குக் கடைசிவரை 'கன்பர்ம்' என்றே காட்டியது.

இன்னொன்று, பணி நடக்கும் இடம் எந்த ரயில்வே கோட்டத்தில் வருகிறதோ அந்தக் கோட்டத்தின் அறிவிப்பையும் பாருங்கள். நாங்கள் ஏறுவது சென்னைக் கோட்டம், பணி நடந்தது மதுரைக் கோட்டம். விவரம் முழுதும் மதுரைக் கோட்டத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் இருந்தது.

குறுஞ்செய்தி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. டிக்கெட் எடுத்தபோது அண்ணியின் எண்ணைக் கொடுத்திருந்தோம், அவர் போனுக்குப் போயிருக்கிறது. டிக்கெட்டில் எந்த எண் இருக்கிறதோ அந்த எண்ணுக்கு மட்டும்தான் செய்தி வரும். முகவர் மூலம் எடுத்தவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

படி 4: திரும்பி வரும் ரயிலையும் பாருங்கள்

சிறப்பு ரயிலாகப் போகும் பெட்டிகளே பெரும்பாலும் திரும்பும் சிறப்பு ரயிலாகவும் வரும். போகும் ரயில் ரத்தானால் திரும்பும் ரயிலும் ரத்தாக நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் எண் வேறு, பிஎன்ஆர் வேறு. அதனால் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம். வழக்கமான ரயில் என்றால் மறுநாளும் வரும். வாரம் ஒருமுறை வரும் சிறப்பு ரயிலைத் தவறவிட்டால் ஒரு வாரம் போய்விடும்.

படி 5: மாற்று ஏற்பாடு முதலில், பழைய டிக்கெட் அப்புறம்

பதினொரு பேரும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டதும் வேலை சுலபமானது. ஒரு பிஎன்ஆரில் ஆறு பேர்தான் போட முடியும், தட்காலில் நான்கு பேர்தான். எப்படியும் பிரியத்தான் வேண்டும் என்றால் உடல்நிலை பார்த்துப் பிரிப்பதே நல்லது. அப்பா, அம்மா, துணைக்கு இரண்டு பேர், விழுப்புரத்தில் ஏறச் சித்தப்பாவும் சித்தியும், ஆக ஆறு பேருக்கு முந்தின நாள் பகல் வைகை எக்ஸ்பிரஸில் இருக்கை கிடைத்தது. பாதைப் பணி அதையும் தொடுகிறதா என்று படி 1-லிருந்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். மீதி ஐந்து பேரும் கிளாம்பாக்கத்திலிருந்து இரவுப் பேருந்தில் போனோம்.

தட்காலை நம்புகிறவர்களுக்கு: ரயில் தொடக்க நிலையத்திலிருந்து கிளம்பும் நாளுக்கு முந்தின நாள், ஏசிக்குக் காலை 10 மணி, ஏசி அல்லாததற்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்த்திருந்தால்தான் இணையத்தில் தட்கால் எடுக்க முடியும். அந்த வேலையை இன்றே முடித்துவையுங்கள்.

'விகல்ப்' வசதி இதற்கு உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். அது காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்கு வேறு ரயிலில் இடம் தேடும் திட்டம். பாதைப் பணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 6: பணம். கேன்சல் பொத்தானைத் தொடாதீர்கள்

செய்தி பார்த்த பதற்றத்தில் சித்தப்பா வீட்டில் ஒரு தம்பி அவர்களுடைய இரண்டு டிக்கெட்டையும் உடனே கேன்சல் செய்துவிட்டான். ஆளுக்கு 120 ரூபாய் பிடித்தம் போக மீதிதான் வந்தது. அவனாகப் பயணத்தைக் கைவிட்டதாகவே கணக்கு. ஒருமுறை அப்படிச் செய்துவிட்டால் அந்த டிக்கெட்டுக்கு டிடிஆர் (பயணம் செய்யாததற்குக் காரணம் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட வழியில்லை.

ரயில் முழுதாக ரத்தானால், மின்டிக்கெட்டுக்கு நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம். கட்டணம் தானாகவே, எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதற்கே திரும்பும். இணைய வசதிக் கட்டணம் மட்டும் வராது. நாளிதழில் செய்தி வருவதற்கும் கணினியில் ரத்து பதிவாவதற்கும் இடைவெளி இருக்கலாம். அந்த இடைவெளியில் அவசரப்பட்டுக் கேன்சல் செய்தால் நஷ்டம் நமக்குத்தான்.

மாற்றுப் பாதையாலோ பகுதி ரத்தாலோ பயணம் செய்ய முடியாதவர்கள் டிடிஆர் போட வேண்டும். ஐஆர்சிடிசி கணக்கில் 'மை டிரான்சாக்‌ஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'ஃபைல் டிடிஆர்'. சார்ட் (ரயிலின் இறுதிப் பயணிகள் பட்டியல்) தயாரான பிறகுதான் எங்கள் பிஎன்ஆர் அங்கே தெரிந்தது, அதற்கு முன் தேடிப் பயனில்லை. காரணங்களின் பட்டியல் நீளமாக இருக்கும், நிதானமாகப் படியுங்கள். ரயில் வேறு வழியில் போனதால் பயணம் செய்யவில்லை என்பது ஒன்று, ஏறும் நிலையத்துக்கு வரவில்லை என்பது ஒன்று, சேரும் நிலையத்துக்குப் போகவில்லை என்பது இன்னொன்று. தப்பான காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். பொதுவாக 72 மணி நேரம் அவகாசம் என்றாலும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் போகவில்லை என்றால் மட்டும் கணக்கு வேறு: ரயில் உங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே போட்டாக வேண்டும்.

எங்கள் ஒன்பது டிக்கெட்டுக்கும் பணம் வந்தது. சில வாரம் பிடித்தது, ஆனால் கட்டணம் முழுதாக வந்தது.

பின்சேர்க்கை 1: கவுன்டரில் டிக்கெட் எடுத்தவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். தானாகப் பணம் வருவது மின்டிக்கெட்டுக்குத்தான். கவுன்டர் டிக்கெட் என்றால், ரயில் ரத்தானதும் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் முன்பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 2: ஒருவர், "திருச்சிவரை அதே ரயிலில் போய், அங்கிருந்து மதுரைக்குப் பேருந்து பிடித்தால் ஆகாதா?" என்று கேட்டார். தாராளமாகப் போகலாம், இளவட்டங்கள் மட்டும் என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். 2025 ஜூலையிலிருந்து மதுரைப் பேருந்துகள் பஞ்சப்பூர் பேருந்து முனையத்திலிருந்து கிளம்புகின்றன. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம் இல்லை. விடியற்காலையில் மூட்டை முடிச்சோடு இறங்குகிறவர்கள் அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.