மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் வழி தவறித் தனித்துவிட்டால்

மேகமலையிலோ, அகத்தியமலையிலோ, பழனிமலையின் சோலைகளிலோ வழி தவறித் தனியாக நின்றுவிட்டவர் முதலில் செய்ய வேண்டியது நடையை நிறுத்துவதுதான். வழி தவறியது மனத்தில் உறைத்த கணமே கால்கள் தாமாக வேகமெடுக்கும். அந்தப் பதற்றத்தில் நடக்கும் அரைமணி நேரம், தேடி வருவோர் அறிந்த பாதையிலிருந்து நம்மை வெகுதூரம் விலக்கிவிடும். எனவே ஓரிடத்தில் உட்கார்ந்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, கடைசியாக ஐயமின்றித் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எவ்வளவு நேரம் நடந்தோம், ஓடை எந்தக் கைப்பக்கம் இருந்தது என்பவற்றை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். வந்த தடம் தெளிவாகத் தெரிந்தால் சிறு கிளைகளை முறித்து அடையாளம் வைத்தபடி திரும்பலாம். தெரியாவிட்டால் அங்கேயே தங்கிவிடுவதுதான் அறிவுடைமை. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டம் மலம்புழாவுக்கு அருகில் செங்குத்தான பாறையிடுக்கில் சிக்கிய இளைஞர் ஒருவர், உணவும் நீரும் இன்றி 40 மணி நேரத்துக்கும் மேல் இருந்து, இராணுவத்தினரால் உயிருடன் மீட்கப்பட்டார். அவர் எங்கே இருக்கிறார் என்பது வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்ததே அதில் பெரிய உதவி.

நமது இடத்தைப் பிறருக்குத் தெரிவிக்க முதற்கருவி கைப்பேசி. நமது நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறொரு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு போகக்கூடும். பேச்சு துண்டிக்கப்படும் இடங்களில் குறுஞ்செய்தி பல வேளைகளில் சென்று சேர்ந்துவிடும். ஜி.பி.எஸ். இயங்க இணையம் தேவையில்லை என்பதால், அதில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே அனுப்ப வேண்டும். அதன்பின் கைப்பேசியை அணைத்துவிட்டு, குறித்த நேர இடைவெளியில் மட்டும் திறந்து பார்ப்பது மின்கலத்தைக் காக்கும்.

ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. சமவெளி ஆறுகளுக்கு அது பொருந்தலாம். நம் மலைகளில் ஓடைகள் பாசி படிந்த பாறைகளின் வழியே சென்று, திடீரென அருவியாக விழுகின்றன. கால் வழுக்கி எலும்பு முறிந்தவர் காத்திருக்கும் வலிமையையும் இழந்துவிடுகிறார். மேலே மலையுச்சியில் பெய்த மழை, நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளியும் விழாமலேயே காட்டாற்று வெள்ளமாக வந்து சேரும். தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகுகளும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ, அக்கணமே கரையேறி உயரமான இடத்துக்குச் சென்றுவிட வேண்டும். ஓடை காதில் விழும் தொலைவில் தங்குங்கள்; அதன் படுகையில் தங்காதீர்கள்.

திசை அறிவதிலும் இரவல் பாடங்கள் ஏமாற்றும். நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும் என்பது குளிர்நாடுகளுக்கு உரிய விதி. தென் தமிழகத்தில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்டு இறுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருப்பதால் நிழல் தெற்கு நோக்கி விழும். துருவ விண்மீனும் இங்கே தொடுவானிலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்திலேயே இருப்பதால் ஒரு சிறு குன்றே அதை மறைத்துவிடும். ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல்நுனியைக் குறித்து, கால்மணி நேரம் கழித்து மீண்டும் குறித்தால், முதற்குறி ஏறத்தாழ மேற்கையும் அடுத்த குறி கிழக்கையும் காட்டும். ஆயினும் நடக்கப் போவதில்லை என்றால் திசையைவிட இரவைப் பற்றியே முதலில் கவலைப்பட வேண்டும்.

ஏனெனில் இந்த மலைகளில் குளிர் பசியைவிட விரைவாக உயிரை வாங்கும். 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறைவதால், தேனியில் வியர்த்தவர் 2,000 மீட்டருக்கு மேலுள்ள சோலையில் நடுங்குவார். நனைந்த பருத்தி ஆடையும் மலைக்காற்றும் சேர்ந்தால் உடல்வெப்பம் வடிந்துவிடும். வெளிச்சம் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே காற்று படாத, பட்ட மரமோ உருளக்கூடிய பாறையோ மேலே இல்லாத இடத்தைத் தேர்ந்து, ஒரு முழ உயரத்துக்குக் காய்ந்த இலைகளைக் குவித்து அதன்மேல் படுக்க வேண்டும். வெறுந்தரை உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். இலை சேர்க்கும்போது குச்சியால் கிளறிப் பார்த்த பின்பே கை வைக்க வேண்டும். பாம்பும் தேளும் அங்கிருக்கலாம், செந்தட்டிச் செடி பட்டால் தீப்போல் எரியும். அட்டை கடித்தால் நகத்தால் மெல்ல வழித்துத் தள்ளினால் போதும்.

யானைத்தடம் அகலமாகவும் சுத்தமாகவும் இருப்பதால் படுக்க வசதியாகத் தோன்றும். அங்கும், நீர்நிலையின் ஓரத்திலும், கரடி தோண்டிய புற்றுகளுக்கு அருகிலும் ஒருபோதும் படுக்கக் கூடாது. புதிய சாணமும் ஒடிந்த மூங்கிலும் கண்ணில் பட்டால் சந்தடியின்றி வந்த வழியே விலக வேண்டும். யானையை ஓடி வெல்ல மனிதனால் இயலாது. தொலைவில் கண்டவுடனே விலகுவதுதான் பாதுகாப்பு. அடர்ந்த புதரில் நடக்க நேர்ந்தால் பேசிக்கொண்டோ குச்சியால் தட்டிக்கொண்டோ செல்லுங்கள். எதிர்பாராமல் மிக அருகில் மனிதரைக் கண்ட கரடிதான் பெரும்பாலும் பாய்கிறது. பாம்பு கடித்துவிட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் தீங்கே செய்யும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, உதவிக்கு அழைக்க வேண்டும்.

குடிநீரைப் பொறுத்தவரை, கொதிக்க வைக்க முடிந்தால் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விடுவது நலம். முடியாவிட்டால் ஓடும் தெளிந்த நீரைக் குடித்துவிடலாம். வயிற்றுப்போக்கு வந்தாலும் பின்னால் மருத்துவம் உண்டு, நாவறட்சியோ ஓரிரு நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். உணவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஆரோக்கியமானவர் பல நாள் பட்டினி தாங்குவார். அறியாத கிழங்கு ஒன்று ஒரே நாளில் கொன்றுவிடும். செங்காந்தளின் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென்று எண்ணி உண்டு இறந்தவர்கள் உண்டு. 'எட்டி பழுத்தென்ன' என்று நம் முன்னோர் சொன்ன அந்த எட்டிப்பழம் ஆரஞ்சு நிறத்தில் அழகாகவே தொங்கும். அதன் விதை கொடிய நஞ்சு. குரங்கு தின்பதெல்லாம் மனிதருக்கு ஆகும் என்பதும் தவறான நம்பிக்கை.

நெருப்பு மூட்டுவது மழைக்காலத்தில் துணை; பிப்ரவரி முதல் மே வரை அதுவே பேராபத்து. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ தனக்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால், சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஓடும். தீயைக் கண்டால் மேலே ஏறாமல், பக்கவாட்டிலோ கீழேயோ சென்று வெறும்பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து தணிந்த கருநிலம் ஆகியவற்றில் ஒன்றை அடைய வேண்டும். நைலான் ஆடை உருகித் தோலில் ஒட்டும் என்பதால் அதைக் கழற்றிவிடுவது நல்லது.

புறப்படும் முன்பே பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வையுங்கள். வனத்துறை அனுமதியின்றி நுழையாதீர்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற மலையேற்றத் திட்டத்தை 40 பாதைகளுடன் தொடங்கியது. அவற்றில் பதிவு செய்து வழிகாட்டியுடன் செல்பவர் திரும்பாவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். பையில் விசில், டார்ச், தீப்பெட்டி, பெரிய பாலித்தீன் தாள் ஆகிய நான்கும் கட்டாயம் இருக்கட்டும். தொண்டை கட்டினாலும் விசில் ஒலிக்கும். மூன்று முறை ஊதி, ஒரு நிமிடம் காத்து, மீண்டும் மூன்று முறை ஊதுங்கள். பளிச்சென்ற நிறத் துணியைத் திறந்தவெளியில் விரித்து வையுங்கள். தேடுவோரின் குரல் கேட்டதும் அதை நோக்கி ஓடாதீர்கள். பள்ளத்தாக்கில் எதிரொலி திசையை மாற்றிக் காட்டும். நின்ற இடத்திலேயே நின்று விசிலை ஊதிக்கொண்டிருங்கள், அவர்கள் வந்து சேர்வார்கள்.