பி0420 வந்ததும் கன்வெர்ட்டரை மாற்றாதீர்கள்

கொஞ்சம் வயதான பெட்ரோல் காரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0420 என்ற எரர் எண்ணைக் காட்டுகிறது. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். எஞ்சின் புகையைச் சுத்தம் செய்து வெளியே விடும் பாகம் அது. கம்பெனி பாகம் என்றால் பல கார்களுக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவு. பணத்தைக் கட்டி மாற்றிய பிறகும் சிலருக்குக் கொஞ்ச நாளில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. காரணம், கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. எஞ்சினில் இருக்கும் வேறு ஏதோ ஒரு கோளாறுதான் அதைக் கொல்கிறது. அந்தக் கோளாறைத் தேடாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால், புதியதும் அதே வழியில் போய்விடும்.

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். முதல் பேங்கில் (எஞ்சினின் முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம்) கேட்டலிஸ்டின், அதாவது கன்வெர்ட்டருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் பூச்சின், செயல்திறன் வரம்புக்குக் கீழே இருப்பதாகக் காரின் கம்ப்யூட்டர் கணித்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பாகம் கெட்டுவிட்டது, மாற்று என்று அது சொல்லவில்லை. கம்ப்யூட்டரால் கன்வெர்ட்டருக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதற்கு இருப்பது இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள், ஒன்று கன்வெர்ட்டருக்கு முன்னால், இன்னொன்று பின்னால். ஓடும்போது பெட்ரோல் கலவை கொஞ்சம் கூடியும் கொஞ்சம் குறைந்தும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முன் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டர் ஆக்சிஜனைத் தேக்கி வைத்து, தேவைப்படும்போது விடுவதால், இந்த ஏற்ற இறக்கம் அதைத் தாண்டி வராது. திரையில் பார்த்தால் பின் சென்சாரின் கோடு 0.6, 0.7 வோல்ட் அருகே ஏறக்குறைய நேராக ஓடும். பின் கோடும் முன் கோட்டைப் போலவே குதிக்க ஆரம்பித்தால் பி0420 விழுகிறது.

இந்த இரண்டு கோடுகளையும் நீங்களே பார்க்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் (காரின் கம்ப்யூட்டரோடு ஸ்கேனரை இணைக்கும் சாக்கெட்) ஒரு சாதாரண ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனில் லைவ் டேட்டாவைத் திறந்தால் போதும். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார் தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி முறையின் இரண்டாம் கட்டம் கட்டாயம் என்பதால், அதற்குப் பிறகு வந்த கார்களில் இந்த வசதி இருக்கும். இங்கே பலர் செய்யும் தவறு, வண்டியை ஸ்டார்ட் செய்த உடனே பார்ப்பது. கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடான பிறகுதான் வேலையே செய்யத் தொடங்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நிறுத்திய வண்டியில் 2500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து, அப்புறம் பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் முன்னால் இருப்பது காற்று, பெட்ரோல் கலவையை அளக்கும் ஏர் ஃபியூயல் சென்சார். அதன் கோடு இப்படிக் குதிக்காது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம், பின் கோட்டை மட்டும் கவனியுங்கள்.

அடுத்த அவசரம், பின் சென்சாரைக் குறை சொல்வது. கன்வெர்ட்டரை விட விலை குறைவு, மாற்றித்தான் பார்ப்போமே என்று தோன்றும். ஆனால் வயதான சென்சார் பெரும்பாலும் மந்தமாகிவிடும். மந்தமான சென்சார் கோட்டை நேராகத்தான் காட்டுமே தவிர, குதிக்க வைக்காது. சந்தேகம் இருந்தால் மாற்றாமலே சோதிக்கலாம். ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தும்போது கோடு 0.8 வோல்ட்டுக்கு மேல் போக வேண்டும். காலை முழுக்க எடுத்து வண்டியை கியரில் உருளவிட்டால், பெட்ரோல் நின்று, கோடு பூஜ்யத்துக்கு அருகே விழ வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும், போனை இன்னொருவர் பார்க்கட்டும்.

எரர் எண்ணை ஸ்கேனரில் அழித்துவிட்டு "திரும்ப வந்தா பார்க்கலாம்" என்று அனுப்பும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. விளக்கு எரிந்த கணத்தில் வேகம், ஆர்பிஎம், எஞ்சின் சூடு, ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ விட்டது என்ற கணக்கு) எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவாக வைத்திருக்கும். எண்ணை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துபோகும். அழிப்பதற்கு முன்னால் அந்தத் திரையை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வேறு என்ன எரர் எண்கள் இருக்கின்றன என்றும் பாருங்கள். பி0300 முதல் பி0304 வரை ஏதாவது இருந்தால் அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும், கன்வெர்ட்டர் பேச்சு அதற்குப் பிறகுதான்.

மிஸ்ஃபயர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் விழவில்லை என்றால் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், கன்வெர்ட்டருக்குள் எரியும். அங்கே சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய மேற்பரப்பு முதலில் சீரழியும். இன்னும் சூடேறினால் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற செராமிக்கே உருகி அடைத்துக்கொள்ளும். எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் அது இந்த எச்சரிக்கைதான். "வீடு பக்கம்தானே" என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ மாற்றினால் தீர வேண்டிய விஷயம், அந்தச் சில கிலோமீட்டரில் கன்வெர்ட்டர் செலவாக மாறிவிடலாம்.

இன்னொரு கொலையாளி சத்தமே போடாது. எஞ்சின் ஆயில் எரிந்தால் அதில் இருக்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும் கேட்டலிஸ்டின் மேல் படிந்து அதை மூடிவிடும். இரண்டு சர்வீஸுக்கு நடுவே ஆயில் ஊற்ற வேண்டி வருகிறதா, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். கூலன்ட் காரணமில்லாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதி இணைப்பை அடைக்கும் தகடு) சோதிக்கச் சொல்லுங்கள், கூலன்ட்டும் கேட்டலிஸ்டுக்கு விஷம்தான். பங்க் பெட்ரோல் மீது பழி போடுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். 2020 ஏப்ரலிலிருந்து கந்தகமும் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) வந்துவிட்டது.

சைலன்சர் லீக்கையும் மறக்க வேண்டாம். சென்சாருக்குப் பக்கத்தில் பைப்பில் சின்ன ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், சென்சார் பொய்க் கணக்கு காட்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கேஸ்கெட் இணைப்பில் கறுப்புக் கரி படிந்திருந்தால் அதுதான் இடம். கேஸ்கெட் விலையில் முடிந்துவிடும்.

நம் ஊரில் இலவசம் போலக் கிடைக்கும் ஒரு சோதனையையும் யாரும் பயன்படுத்துவதில்லை. அதுதான் புகைச் சான்றிதழ் எடுக்கும்போது தரும் சீட்டு. பிஎஸ்4, பிஎஸ்6 புகை விதிகளின்படி வந்த பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது வரம்பு. பாஸா என்று மட்டும் பார்க்காமல் எண்களைப் பாருங்கள். சூடான எஞ்சினில், குழாயை ஒழுங்காக உள்ளே விட்டு அளந்தும் கார்பன் மோனாக்சைடு பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், கன்வெர்ட்டருக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். பழைய சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடைப்பு வேறு, செயல்திறன் குறைவு வேறு. அடைத்துப்போன கன்வெர்ட்டர் சில நேரம் பி0420 காட்டவே காட்டாது. பிக்கப் இருக்காது, மேட்டில் திணறும், அவ்வளவுதான். முன் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் வைத்து, 2500 ஆர்பிஎம்மில் அழுத்தம் 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் அடைப்பு என்று முடிவு செய்யலாம்.

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர்களை நம்பாதீர்கள். உருகிய செராமிக்கையோ படிந்த பாஸ்பரஸையோ அவை ஒன்றும் செய்யாது. பின் சென்சாருக்கு ஸ்பேசர் (சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைக்கும் துண்டு) போட்டு விளக்கை அணைப்பதும், கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் பைப் போடுவதும் அதைவிட மோசம். நம் தெருவில் நடப்பவர்கள்தான் அந்தப் புகையைச் சுவாசிப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் இதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழி இருக்கிறது.

எல்லாம் பார்த்து, கன்வெர்ட்டர்தான் போயிருக்கிறது, அதைக் கொன்ற கோளாறையும் சரி செய்தாகிவிட்டது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். பழையதை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதில் இருக்கும் உலோகங்களுக்காக அதை வாங்க ஆள் இருக்கிறது. அந்தத் தொகையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பாகத்தைக் கையில் வாங்குங்கள். மாற்றியதும் விளக்கு அணைந்திருப்பதில் ஒன்றுமில்லை, எரர் எண்ணை அழித்தாலே அது அணையும். சில நாள் டவுனிலும் பைபாஸிலுமாக ஓட்டிவிட்டு, ஸ்கேனரில் கேட்டலிஸ்ட் மானிட்டர் (கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரைத் தானே சோதிக்கும் சோதனை) 'ரெடி' என்று காட்டுகிறதா, பின் கோடு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள்.